இலை ஏன் எலை ஆகிறது?

அரியலூரில் சிமென்ட் ஆலைகளைச் சுற்றியிருக்கும் ஏதாவது ஒரு டீக்கடையில் காலை ஏழு மணிக்கு நின்று பாருங்கள். பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் வந்த தொழிலாளர்கள் ஷிப்ட் முடிந்து வந்து நிற்பார்கள். "அண்ணே, ரெண்டு டீ, ஒண்ணுல சக்கரை கம்மி" என்று கூசாமல் கேட்கிறவர் இங்கே வந்து கொஞ்ச காலம் ஆகியிருக்கும். பக்கத்திலேயே இரண்டு விரலை நீட்டிக் காட்டுகிறவர் புதிதாக வந்தவர். பெரம்பலூர்ப் பக்கம் நாரணமங்கலம் டயர் ஆலையின் சுற்றுவட்டாரத்திலும் இதே ஜோடியைப் பார்க்கலாம். விரலுக்கும் 'சக்கரை கம்மி'க்கும் நடுவில் என்ன நடக்கிறது? டீ ஆறுவதற்குள் அதைப் பேசிவிடுவோம்.

"இங்கேயே கெடந்தா பாஷை தானா வந்துடும்" என்று நம் ஊரில் சொல்வார்கள். தானாக வராது. பத்து வருஷம் ஒரே ஊரில் இருந்தும் நாலு வார்த்தையோடு நின்றுபோனவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு மூளை மந்தமில்லை. தமிழில் ஒரு சிக்கல் இருக்கிறது. புத்தகத்தில் இருக்கும் தமிழ் தெருவில் இல்லை. 'முப்பது நாளில் தமிழ்' வகைப் புத்தகம் ஒன்றை வாங்கி, "எனக்குத் தேநீர் வேண்டும்" என்று மனப்பாடம் செய்துகொண்டு கடைக்குப் போகிறவரைப் பார்த்து நாலு பேர் சிரிப்பார்கள். அவர் சொன்னதில் பிழையே கிடையாது. ஆனாலும் அடுத்த முறை அவர் விரலைத்தான் காட்டுவார்.

"பேச்சுத் தமிழுக்கு என்ன சார் இலக்கணம், வாய்க்கு வந்தபடி பேசறதுதானே" என்று படித்தவர்களே கேட்கிறார்கள். அது அப்படி இல்லை. இலையை எலை என்கிறோம். விலை வெலை ஆகிறது, இடம் எடம் ஆகிறது, நிலம் நெலம், குடை கொடை, உடம்பு ஒடம்பு, உனக்கு ஒனக்கு. அப்படியானால் 'இல்லை' ஏன் 'எல்லை' ஆகவில்லை? முட்டை ஏன் மொட்டை ஆகவில்லை? குப்பை ஏன் குப்பையாகவே கிடக்கிறது? கவனித்துப் பாருங்கள். சொல்லின் முதலில் இகரமோ உகரமோ வந்து, அதற்கடுத்து ஒரே ஒரு மெய், அதன்மேல் அகரமோ ஐகாரமோ ஏறியிருந்தால்தான் இ எ ஆகும், உ ஒ ஆகும். நடுவில் மெய் இரட்டித்துவிட்டால் மாறாது. கிளி, புளி போல அடுத்த உயிர் வேறாக இருந்தாலும் மாறாது. வட்டாரத்துக்கு வட்டாரம் சிறு விலகல்கள் உண்டு. ஆனால் பள்ளிக்கூட வாசலை மிதிக்காத பாட்டிகூட இல்லை என்பதற்கு 'எல்லை' என்று சொல்ல மாட்டார்.

இன்னொன்றையும் பாருங்கள். படித்தான் படிச்சான் ஆகிறது, குடித்தான் குடிச்சான், வைத்தான் வச்சான், ஐந்து அஞ்சு. பார்த்தான் மட்டும் பாத்தான்தான், பாச்சான் இல்லை. எடுத்தானும் எடுத்தானாகவே நிற்கிறான். முன்னால் இகரமோ ஐகாரமோ யகர மெய்யோ இருந்தால் இந்தத் தகரம் சகரமாகிறது, இல்லாவிட்டால் இல்லை. இந்த இரண்டு விதியும் ஒரே சொல்லில் வேலை செய்வதைப் பார்க்க வேண்டுமா? 'நினைத்தேன்' என்று எழுதுகிறோம், 'நெனச்சேன்' என்று பேசுகிறோம். புத்தகத்தில் நினைத்தேன் என்று படித்துவிட்டு வருகிற ஒடிசாக்காரருக்கு இது புதுச் சொல். விதியை ஒருமுறை சொல்லிவிட்டால், கேட்டிராத நூறு சொற்களை அவரே பிடித்துக்கொள்வார். இதை யாரும் அவருக்குச் சொல்வதில்லை என்பதுதான் என் வருத்தம்.

வெளியூரிலிருந்து வந்து தமிழ் படிப்பவருக்கு நாட்டு வழக்குக்கென்று தனி இலக்கணம் தேவை என்று உணர்ந்து எழுதியவர் ஒருவர் இதே அரியலூர் மாவட்டத்தில் வாழ்ந்திருக்கிறார். கொள்ளிடத்தின் வடகரைப் பக்கம் ஏலாக்குறிச்சி. திருக்காவலூர் என்று அதற்கு இன்னொரு பெயர். அங்கே அடைக்கல மாதா கோயிலை எழுப்பி, பல ஆண்டுகள் இருந்தவர் வீரமாமுனிவர். இத்தாலியின் காஸ்திலியோனே என்ற ஊரில் 1680-இல் பிறந்து, 1710-இல் கோவாவில் இறங்கி, அங்கிருந்து கத்தோலிக்கரின் மதுரை மிஷனுக்கு வந்த கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கிதான் அவர். நமக்கு அவரைத் தேம்பாவணிக்காகத் தெரியும். முப்பது வயதுக்குமேல் தமிழ் கற்க ஆரம்பித்த ஒருவர் 3615 பாட்டில் காப்பியம் பாடியது பெரிய காரியம்தான், சந்தேகமில்லை. நான் சொல்ல வருவது அவருடைய இன்னொரு வேலையைப் பற்றி.

அவர் இரண்டு தமிழுக்கும் தனித்தனியாக லத்தீனில் இலக்கணம் எழுதினார். செந்தமிழுக்கு ஒன்று, கொடுந்தமிழுக்கு ஒன்று. கொடுந்தமிழ் என்று அன்று சொன்னது மக்களிடையே புழங்கிய தமிழை. அந்த இலக்கணத்தை 1728-இல் எழுதினார். காப்பியம் முடித்த கையோடு, பேச்சு வழக்கும் படித்துக் கற்க வேண்டியது என்று உட்கார்ந்து எழுதினார் பாருங்கள், அங்கேதான் எனக்கு அவர்மேல் மரியாதை கூடுகிறது. இன்றைய பேச்சை அப்படியே அதில் தேட முடியாது. கிட்டத்தட்ட முந்நூறு வருஷம் ஓடிவிட்டது. ஆனால் புதிதாக வருகிறவர் முதலில் எந்தத் தமிழைப் பிடிக்க வேண்டும் என்பதில் அவருக்குக் குழப்பமே இருக்கவில்லை. பரமார்த்த குரு கதையையும் அவர் லத்தீன் மொழிபெயர்ப்போடு சேர்த்தே எழுதினார். கற்பவர்கள் சிரித்துக்கொண்டே படிக்கட்டும் என்றுதான் இருக்க வேண்டும்.

வெளியே இருந்து வந்தவருக்கு மட்டுமே உறுத்துகிற விஷயங்கள் உண்டு. அன்றைய ஓலைகளில் எகரத்துக்கும் ஏகாரத்துக்கும், ஒகரத்துக்கும் ஓகாரத்துக்கும் எழுத்தில் வேறுபாடு தெரியாது. பழைய இலக்கணம் குறிலுக்குப் புள்ளி வைக்கச் சொன்னது, ஓலையில் எழுதுகிறவர்கள் அதை விட்டுவிடுவார்கள். நம்மவருக்கு அது பெரிய தொல்லை இல்லை. இடம் பார்த்து 'செறு' எது, 'சேறு' எது என்று தெரிந்துகொள்வார்கள். மொழி தெரியாமல் வாசிக்கிறவர் என்ன செய்வார்? நெடிலுக்குக் கொம்பைச் சுழித்து எழுதும் வழக்கத்தை வீரமாமுனிவர் கொண்டுவந்தார். கற்றுக்கொள்ளப் பட்ட பாட்டிலிருந்து பிறந்த திருத்தம் அது என்று நான் நினைக்கிறேன். இன்று நம் வீட்டுக் குழந்தைகள் எழுதுகிற இரட்டைச் சுழிக் கொம்பு அதுதான்.

கொள்ளிடம் கடலில் கலக்கும் இடத்துக்குத் தெற்கே தரங்கம்பாடி. அங்கே வீரமாமுனிவருக்கு முன்பே, 1706-இல் வந்திறங்கிய லுத்தரன் பாதிரியார் சீகன்பால்க், திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் எழுதிப் பழகியவர். 1716-இல் ஜெர்மனியின் ஹாலே நகரில் தமிழ் இலக்கணம் அச்சிட்டார். அந்தத் தரங்கம்பாடி லுத்தரன்களோடு கத்தோலிக்கரான வீரமாமுனிவருக்குச் சமய விஷயத்தில் கடும் சண்டை. ஆனாலும் அவருடைய கொடுந்தமிழ் இலக்கணத்தை 1738-இல் அச்சடித்துக் கொடுத்தது தரங்கம்பாடி அச்சகம்தான். எதிரியின் புத்தகமாக இருந்தாலும் புதிதாக வருகிறவனுக்கு வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. பிற்காலத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் மு. சண்முகம் பிள்ளை பேச்சுத் தமிழுக்குப் பாடநூல் எழுதினார். ஹரால்ட் ஷிஃப்மன் 1999-இல் பேச்சுத் தமிழுக்கே முழு இலக்கணம் கொண்டுவந்தார். இவை இரண்டும் ஆங்கிலம் தெரிந்தவர்களுக்கு. இந்தியோ ஒடியாவோ மட்டும் தெரிந்து சுண்ணாம்புக்கல் லாரியில் ஏறுகிறவர் கைக்கு இவை எப்படிப் போய்ச் சேரும்?

ஆகவே அவருக்குப் பாடநூல் நாம்தான். நம்மிடம் இரண்டு பழக்கங்கள் குறுக்கே நிற்கின்றன. அவர் தட்டுத்தடுமாறித் தமிழில் ஆரம்பித்ததும், உதவி செய்வதாக நினைத்து, நாம் நமக்குத் தெரிந்த அரைகுறை இந்திக்குத் தாவிவிடுகிறோம். "எவ்ளோ ஆச்சு?" என்று அவர் கேட்டால் "பீஸ் ருப்யா" என்று பதில். அவர் காது பாவம், எதைப் பிடிக்கும்? "இருவது ரூவா" என்று வழக்கமான வேகத்தில் சொல்லி, வேண்டுமானால் காசைக் காட்டினால் போதும்.

இரண்டாவது இன்னும் முக்கியம். வேலைத்தளத்தில் அவர் காதில் விழும் தமிழ் எல்லாம் 'வா, போ, எடு, தூக்கு, சீக்கிரம் வா'. அவரிடம் எப்படிப் பேசுகிறோமோ அப்படித்தான் அவர் பேசப் பழகுவார். அந்தத் தமிழோடு மளிகைக் கடைக்குப் போய், அறுபது வயதுக்காரரிடம் "அரிசி குடு" என்கிறார். கடைக்காரருக்குச் சுருக்கென்று இருக்கும், "மரியாதை தெரியாத ஆளுங்க" என்று முணுமுணுப்பார். 'குடுங்க' என்ற வடிவத்தை அவரிடம் யாருமே பேசியிருக்க மாட்டார்கள்.

தாய்லாந்துக்குப் போய்க் குடியிருக்கும் வெளிநாட்டுக்காரருக்கும் இதே மரியாதைப் பரீட்சைதான். அங்கே ஐந்து தொனி. தொனி தவறினால் சொல்லே மாறிவிடும். ஆனால் அதைவிட முன்னாலேயே கற்க வேண்டியது, மூத்தவரைப் 'பீ' என்றும் இளையவரை 'நோங்' என்றும் அழைப்பதும், ஆண் 'க்ரப்' என்றும் பெண் 'க்கா' என்றும் வாக்கியத்தை முடிப்பதும். தொனி கோணலாக இருந்தாலும் இந்த முறை சரியாக இருந்தால் சந்தைக்காரர் பொறுமையாகக் கேட்பார். நம் 'அண்ணே, அக்கா'வும் 'ங்க'வும் செய்கிற வேலை அதுதான். டீக்கடையில் சக்கரை கம்மியாகக் கேட்டவர் முதலில் பிடித்துக்கொண்டது 'அண்ணே'யைத்தான்.

ஆகையால் பக்கத்து அறையில் புதிதாக வந்திருக்கிறவரிடம் நாளையிலிருந்து "வாங்க, சாப்டீங்களா?" என்றே பேசுங்கள். வயதில் சின்னவராக இருந்தாலும் பரவாயில்லை. அவர் "நான் நேற்று வந்து" என்று நிறுத்தினால் சிரிக்க வேண்டாம். "ஓ, நேத்து வந்தீங்களா?" என்று சரியான வடிவத்தில் திருப்பிக் கேளுங்கள், "ஆமா, நேத்து வந்தேன்" என்று அவரே முடிப்பார். எழுத்து இப்போதைக்கு வேண்டாம். ஜெயங்கொண்டம் பஸ் எது, பெரம்பலூர் பஸ் எது என்று போர்டைப் படிக்க வேண்டும் என்று அவராகக் கேட்கும் நாளில் அதைத் தொடங்கினால் போதும்.