பாசி நைட்ரேட்டை உண்ணும், உப்பை உண்ணாது

தருமபுரி மாவட்டத்தில் மீன் தொட்டி வைத்திருப்பவருக்கு, தொட்டி நீரை மாற்றும் நாள் கொஞ்சம் சங்கடமான நாள்தான். நிலத்தடி நீரில் புளோரைடு மிகுந்து பல்லையும் எலும்பையும் கெடுத்ததால், காவிரி நீரைக் கொண்டுவர ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் ஜப்பான் நிதியுதவியோடு கட்டப்பட்டு 2013-இல் பயன்பாட்டுக்கு வந்தது. அப்படி வரும் நீரில் 100 லிட்டர் தொட்டிக்கு வாரம் 25 லிட்டர் என்று மாற்றினால், ஆண்டுக்கு 1,300 லிட்டர் வாய்க்காலுக்குப் போகிறது. ‘ஆல்கே ஸ்க்ரப்பர்’ எனப்படும் பாசி வடிகட்டியை வீட்டிலேயே செய்துகொண்டால் இதில் பெரும்பகுதியை மிச்சப்படுத்தலாம். ஆனால் நீர் மாற்றுவதையே அறவே விட்டுவிடலாம் என்ற பேச்சு இந்த ஊர்த் தண்ணீருக்குப் பொருந்தாது.

நீரை மாற்றுவது முக்கியமாக நைட்ரேட்டுக்காகத்தான். மீன் தின்ற தீவனத்தின் நைட்ரஜனில் பெரும்பகுதி செவுள் வழியே அமோனியாவாக வெளியேறுகிறது. வழக்கமான ஸ்பாஞ்சு வடிகட்டியில் குடியேறும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பிறகு நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. அதோடு அவற்றின் வேலை முடிந்தது. நைட்ரேட் தொட்டியிலேயே சேர்ந்துகொண்டிருக்கும். பாசியோ அமோனியாவையே நேரடியாக எடுத்துத் தன் உடம்பாக்கிக்கொள்கிறது, பாஸ்பேட்டையும் சேர்த்து. அந்தப் பாசியைச் சுரண்டி எறிந்தால் நைட்ரஜன் தொட்டியை விட்டே போய்விடும். அமெரிக்காவின் ஸ்மித்சோனியன் நிறுவனத்தைச் சேர்ந்த வால்டர் ஏடி இந்த முறைக்கு 1982-இல் காப்புரிமை பெற்றார். காரத்தன்மை மிகுந்த போர்வெல் நீரை ஊற்றும் தொட்டியில், பாசி அமோனியாவையே எடுத்துக்கொள்வதற்கு இன்னொரு பெறுமானமும் உண்டு. அமோனியாவில் மீனைக் கொல்லும் பங்கு பிஎச் 7-இல் நூற்றில் ஒன்றைக்கூட எட்டாது. பிஎச் 8-இல், நம் வெயில் காலச் சூட்டில், அது நூற்றில் ஆறு ஏழு பங்காகிவிடும்.

செய்முறை எளிது. பிவிசி குழாயின் அடிப்பக்கம் நீளவாக்கில் 3 மி.மீ. அகலத்துக்கு அறுத்து, அந்தப் பிளவில் எம்பிராய்டரிக் கடைகளில் விற்கும் பிளாஸ்டிக் கேன்வாஸ் வலையைச் செருக வேண்டும். வலையின் இரு பக்கத்தையும் ரம்பப் பல்லால் கீறிச் சொரசொரப்பாக்க வேண்டும். வழவழப்பான வலையில் பாசி பிடித்தாலும் நிற்காது, அவசரப்படுபவர்கள் கோட்டை விடுவது இங்கேதான். குழாயின் ஒரு முனையை மூடி, மறுமுனையில் பம்ப்பை இணைத்தால் நீர் வலையின் இரு பக்கமும் மெல்லிய படலமாக இறங்கித் தொட்டிக்குத் திரும்பும். வலையின் ஒவ்வோர் அங்குல அகலத்துக்கும் மணிக்குச் சுமார் 130 லிட்டர் ஓட வேண்டும் என்பது அனுபவக் கணக்கு. 4 அங்குல வலைக்கு 500 லிட்டருக்குச் சற்று மேல். வலையின் பரப்பைத் தொட்டியின் கொள்ளளவை வைத்து முடிவு செய்வது வீண். நாளுக்கு எவ்வளவு தீவனம் போடுகிறோம் என்பதே கணக்கு. பத்துச் சிட்டிகைக்கு 12 சதுர அங்குலம், இரு பக்கமும் வெளிச்சம் படும்படி. பக்கத்துக்கு ஒரு சிவப்பு எல்இடி, இல்லையென்றால் மஞ்சள் ஒளி பல்பு போதும். முதல் வாரங்களில் பழுப்பு வழவழப்பு படியும், பிறகுதான் பச்சை வரும். வாரம் ஒருமுறை வலையைக் கழற்றிச் சுரண்டுவதைத் தள்ளிப்போட்டால், அடியிலுள்ள பாசி வெளிச்சமின்றி அழுகி, எடுத்ததையெல்லாம் நீரிலேயே விட்டுவிடும்.

தொட்டிக்குள் பாசி வராமல் தடுக்கத்தானே பாடுபடுகிறோம், அதை வளர்ப்பானேன் என்று கேட்கலாம். பலத்த வெளிச்சமும் ஓடும் நீரும் வலையில் இருப்பதால் உணவை அங்குள்ள பாசி முந்திக்கொள்கிறது. கண்ணாடியில் படியும் பாசிக்கு மிஞ்சுவது குறைவு. செடி வைத்தாலே போதாதா என்றால், நல்ல நீரில் வளரும் செடி இதே வேலையைச் செய்யும் என்பது உண்மைதான். செடியைக் கடித்துப் போடும் தங்கமீன் தொட்டிக்கு அந்த வழி இல்லை. பாசி நீரை மஞ்சளாக்கும் என்ற புகாரும் பொய்யல்ல. ஆஸ்திரேலியாவின் டவுன்ஸ்வில்லில் 1987-இல் திறக்கப்பட்ட பவளப்பாறைக் காட்சியகமே, ஏடியின் முறையை நம்பித் தொடங்கி அந்த மஞ்சளோடு மல்லுக்கட்டியது. வீட்டுத் தொட்டிக்கு ஒரு பை ஆக்டிவேட்டட் கரி போதும்.

கனமான ஆட்சேபம் நீரிலேயே இருக்கிறது. தொட்டியிலிருந்து ஆவியாகிப் போவது வெறும் நீர்; கால்சியம், மெக்னீசியம், புளோரைடு எல்லாம் தங்கிவிடும். குறைந்த அளவுக்குப் போர்வெல் நீரையே ஊற்றி ஊற்றி நிரப்பினால் உப்பு ஏறிக்கொண்டே போகும், பாசி அதைத் தொடாது. நைட்ரேட் சோதனையில் பூஜ்யம் காட்டும் தொட்டியில் கரைந்த உப்பை அளக்கும் டிடிஎஸ் மீட்டர் முன்பிருந்ததைவிட இரு மடங்கு காட்டலாம். வீட்டு ஆர்ஓ இயந்திரம் கழித்துவிடும் நீரை இதற்குப் பயன்படுத்துவது இன்னும் மோசம், உப்பு அதில்தான் திரண்டிருக்கிறது. தமிழ்நாட்டில் 2003-இல் கட்டாயமாக்கப்பட்ட மழைநீர் சேகரிப்பு இங்கே கைகொடுக்கும். 10 சதுர மீட்டர் கூரையில் 10 மி.மீ. மழை பெய்தால் 100 லிட்டர். முதல் மழையின் அழுக்கை வழியவிட்டு, அடுத்து வருவதை மூடிய பிளாஸ்டிக் டிரம்மில் பிடித்தால், ஆவியான அளவுக்கு ஈடுகட்டப் பல வாரங்களுக்கு வரும்.

மின்செலவு பெரிதல்ல. 10 வாட் பம்ப் நாள் முழுக்கவும், மொத்தம் 10 வாட் விளக்கு 16 மணி நேரமும் ஓடினால் மாதம் 12 யூனிட். தொட்டி விளக்கு அணைந்திருக்கும் இரவு நேரமும் இந்த 16 மணி நேரத்துக்குள் வரும்படி டைமரை வைப்பது நல்லது. செடியும் மீனும் ஆக்சிஜனை இழுக்கும் அந்நேரத்தில் வலை அதை ஈடுசெய்யும். மின்தடைதான் தொல்லை. சித்திரை வெயிலில் பம்ப் நின்றால் வலை சீக்கிரமே காயத் தொடங்கும். மின்சாரம் வர நேரமாகும் என்று தெரிந்தால் வலையைக் கழற்றித் தொட்டி நீரிலேயே முக்கி வைக்கலாம்.