உங்களுக்குத் தெரியுமா? ஓசூர் சுவரில் தெலுங்கு போஸ்டர்

ஓசூரில் தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்று மொழிப் போஸ்டரும் ஒரே சுவரில் ஒட்டியிருக்கும். அதில் கையில் அரிவாள், பின்னால் கூட்டுக்குடும்பம் என்று நிற்பது பெரும்பாலும் தெலுங்குப் படம். அடிதடியும் கடத்தலும் குடும்பப் பாசமும் கலந்த அந்தப் படங்களுக்கும் நம் எல்லைப்புறத்துக்கும் உள்ள தொடர்பைப் பற்றிச் சில செய்திகள்.

*

தாதாக்களின் கதையைத் தெலுங்கில் புது மாதிரியாகச் சொன்ன படம் 1989-இல் வந்த ‘சிவா’. ராம் கோபால் வர்மாவுக்கு அதுதான் முதல் படம். தமிழில் ‘உதயம்’ என்ற பெயரில் டப்பிங்காகி இங்கேயும் சக்கைப்போடு போட்டது. இசை இளையராஜா. வில்லன் பவானியாக நம் ரகுவரன். சைக்கிள் செயினைக் கையாலேயே பிய்த்து நாகார்ஜுனா அடிக்கும் சண்டையைத்தான் எல்லோரும் பேசுவார்கள். எனக்குப் படத்தின் உயிர் அண்ணன் வீட்டில் இருக்கிறது. சிவா அங்கே தங்கிப் படிப்பவன். கடைசியில் ரவுடிக் கும்பல் பழிதீர்ப்பது அந்த வீட்டுச் சின்னக் குழந்தையிடம்.

*

கிருஷ்ண வம்சியின் ‘அந்தப்புரம்’ (1998) ராயலசீமா வன்முறையை மருமகளின் கண்ணால் பார்த்த படம். கணவன் கொல்லப்பட்ட பிறகு, தன் பிள்ளையும் கத்தி எடுத்துவிடக் கூடாது என்று மாமனார் வீட்டிலிருந்து அவனைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறாள். அந்த மருமகள் சௌந்தர்யா, கோலார் மாவட்டத்து முல்பாகல்காரர். வேப்பனப்பள்ளி எல்லையைத் தாண்டினாலே கோலார் மாவட்டம்தான். மாமனாராக மிரட்டிய பிரகாஷ்ராஜ் பெங்களூர்க்காரர். தேசிய விருதும் வாங்கினார். தமிழ் வடிவத்தில் ஜெகபதி பாபு செய்த வேடத்தை ஏற்றவர் பார்த்திபன். கதாநாயகனின் வீரத்தை விட ஒரு தாயின் பயம் பெரியது என்று காட்டிய இந்தப் படத்தைப் பார்க்காதவர்கள் தேடிப் பாருங்கள்.

*

சௌந்தர்யா பெங்களூரில் விமான விபத்தில் இறந்தது 2004 ஏப்ரல் 17. அதே நாளில்தான் ‘கில்லி’ வெளியானது. கில்லியின் மூலம் மகேஷ் பாபுவின் ‘ஒக்கடு’. கர்னூல் மதுரையானது. பிரகாஷ்ராஜ் மட்டும் இரண்டிலும் அதே வில்லன்.

*

‘சிவா’வை எடுத்த ராம் கோபால் வர்மா 2016-இல் கன்னடத்தில் ‘கில்லிங் வீரப்பன்’ எடுத்தார். வீரப்பனை வேட்டையாடும் போலீஸ் அதிகாரி வேடத்தில் சிவராஜ்குமார். 2000 ஜூலை 30 அன்று தாளவாடி அருகே தொட்ட காஜனூர் வீட்டிலிருந்து வீரப்பன் கடத்திப்போன கன்னட நடிகர் ராஜ்குமாரின் மூத்த மகன் அவர். அப்பா காட்டில் இருந்தது 108 நாள். தமிழ்நாட்டுக்கும் கர்நாடகத்துக்கும் இடையே இப்படி எது வந்தாலும் முதலில் தவிப்பது ஓசூர்தான். வீரப்பன் சுட்டுக் கொல்லப்பட்ட பாப்பாரப்பட்டியும் தூரத்தில் இல்லை, பக்கத்துத் தருமபுரி மாவட்டம்தான்.

*

‘புஷ்பா’ (2021) செம்மரக் கடத்தல் படம் என்றுதான் எல்லோரும் சொல்கிறார்கள். உண்மையில் அது அப்பாவின் வீட்டுப்பெயருக்கு, அதாவது குடும்பப் பெயருக்கு, ஏங்கும் ஒருவனின் கதை. தாலி கட்டாத தாய்க்குப் பிறந்தவன் என்று அண்ணன்கள் அவனைச் சபையில் அவமானப்படுத்துகிறார்கள். அவன் கூலியாக மரம் வெட்டப் போய், சிண்டிகேட்டுக்கே தலைவனாகிறான். இரண்டாம் பாகத்தில் (2024) அண்ணன் மகளை மீட்டுக் கொடுத்த பிறகுதான் அந்தப் பெயர் அவனுக்குக் கிடைக்கிறது. அதில் புஷ்பாவாக வரும் அல்லு அர்ஜுன் புடவை கட்டி ஆடும் கங்கம்மா ஜாத்திரை இயக்குநர் சுகுமாரின் கற்பனையல்ல. திருப்பதி கங்கம்மாவுக்கு ஆண்கள் பெண் வேடமிட்டு வேண்டுதல் செலுத்துவது பழைய வழக்கம். கிருஷ்ணகிரிக்குப் பக்கத்துக் குப்பத்திலும் கங்கம்மா ஜாத்திரை பெரிய விழா. சென்னையில் பிறந்து வளர்ந்த அல்லு அர்ஜுன் முதல் பாகத்தில் சித்தூர் வட்டாரத் தெலுங்கு பேசி நடித்ததற்குத்தான் தேசிய விருது பெற்றார். சிறந்த நடிகருக்கான அந்த விருது தெலுங்கு நடிகர் ஒருவருக்குக் கிடைத்தது அதுவே முதல் முறை.

*

செம்மரத்தின் பட்டை முதலைத் தோல் போலக் கட்டம் கட்டமாக வெடித்திருக்கும். வெட்டினால் வெளியே வெளுத்த மரம், உள்ளே கருஞ்சிவப்பு வைரம். விலை அந்த வைரத்துக்கு மட்டும்தான். நன்றாக விளைந்த வைரக்கட்டை தண்ணீரில் மூழ்கிவிடும் அளவுக்குக் கனம். சினிமாவில் ஆற்றில் உருட்டிவிட்டால் மிதந்து போவது வேறு விஷயம். சேஷாசலம் மலையும் அதைச் சுற்றிய கிழக்குத் தொடர்ச்சி மலைகளும்தான் இதன் தாய்மண். சீனத்தில் அரண்மனைக் காலத்திலிருந்தே இதில் செய்த மேசை நாற்காலிக்கு மவுசு. சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் செம்மரம் சேர்ந்தது 1995-இல்.

*

வெளுத்த பாகத்தைக் கோடரியால் செதுக்கித் தள்ளி, வைரம் சேதமாகாமல் கட்டையை எடுப்பது எல்லோருக்கும் வராது. அந்தக் கைத்திறனுக்காகத்தான் ஜவ்வாது மலை, கல்வராயன் மலைப் பக்கத்து ஆட்களை ஏஜென்ட்டுகள் முன்பணம் கொடுத்துக் கூட்டிப் போகிறார்கள். பிடிபடுவதும் சிறைக்குப் போவதும் அந்த வெட்டுக் கூலிகள்தான். கட்டையைக் கப்பலேற்றிப் பணம் பார்ப்பவர்கள் காட்டுப் பக்கமே வருவதில்லை.

*

2015 ஏப்ரல் 7 விடிகாலை, சேஷாசலம் காட்டில் இரண்டு இடங்களில் ஆந்திரப் போலீஸ் சுட்டதில் 20 பேர் இறந்தார்கள். எல்லோரும் திருவண்ணாமலை, தருமபுரி, சேலம் பக்கத்துத் தமிழர்கள். மரம் வெட்டும்போது தாக்க வந்தார்கள், தற்காப்புக்காகச் சுட்டோம் என்றது போலீஸ். இறந்தவர்களில் சிலரை முந்தின நாளே பஸ்ஸிலிருந்து இறக்கிப் பிடித்துப் போனார்கள் என்று சாட்சி சொன்னார்கள் உயிர் தப்பியவர்கள். அவர்களில் ஒருவர் பிழைத்ததற்குக் காரணம், பக்கத்து சீட்டில் ஒரு பெண் உட்கார்ந்திருந்ததுதான். கணவன் மனைவி என்று நினைத்து விட்டுவிட்டார்களாம். தேசிய மனித உரிமை ஆணையம் தானாகவே வழக்கை எடுத்தது. புஷ்பாவுக்கு வீட்டுப்பெயர் கிடைத்ததும் தியேட்டரில் கை தட்டுகிறோம். இந்த 20 பேரின் பெயரும் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். அன்றைய நாளிதழ்களில் ஊர் பெயரோடு அச்சாகியிருக்கின்றன.