பசுமைக் கட்டடங்களில் ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை

ஒருங்கிணைந்த பூச்சி மேலாண்மை என்பது கரப்பான், எலி போன்றவற்றை, நச்சு மருந்தைக் கடைசி வழியாக மட்டுமே வைத்துக்கொண்டு கட்டுப்படுத்தும் முறையாகும். அமெரிக்கப் பசுமைக் கட்டட மன்றத்தின் லீட் சான்றிதழில், ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ள கட்டடங்களுக்கு இதற்கெனப் புள்ளிகள் உண்டு.

மாதந்தோறும் மருந்தடிக்கும் வழக்கம் இதில் இல்லை. ஒட்டும் பொறிகளை வைத்து, எந்தப் பூச்சி எங்கே வருகிறது என்று முதலில் கண்டறிகின்றனர். பிறகு அதற்கு உணவும் நீரும் கிடைக்காமல் செய்து, வழியை அடைக்கின்றனர். சுண்டெலி நுழையச் சுமார் 6 மில்லிமீட்டர் இடைவெளியே போதும். ஒழுகும் குழாயைச் சரிசெய்யாமல் கரப்பானுக்கு மருந்தடிப்பது வீண்செலவே.

நச்சு மிகுந்த மருந்தை அடிக்க நேர்ந்தால், 72 மணி நேரத்துக்கு முன்பே கட்டடத்தில் இருப்போருக்கு அறிவிக்க வேண்டும். அவசரமெனில், அடித்த 24 மணி நேரத்துக்குள். சன்னல் திறவாத குளிரூட்டிய கட்டடத்தில் காற்றின் பெரும்பகுதி உள்ளேயே சுற்றிவரும். ஆஸ்துமா உள்ளவரும் கர்ப்பிணியும் விலகியிருக்க இந்த அவகாசம் உதவுகிறது.