மானி எண்ணாத மனிதர்

எனது மேசை இழுப்பறையிலே மூன்று கடதாசித் துண்டுகளைப் பத்திரப்படுத்தி வைத்திருக்கிறேன். மூன்றும் மின்கட்டணப் பட்டியல்கள். மூன்றும் 2023ஆம் ஆண்டு பங்குனி மாதத்துக்குரியவை. மூன்றும் யாழ்ப்பாணத்துக் கிராமமொன்றின் ஒரே ஒழுங்கையில் அடுத்தடுத்து நிற்கும் மூன்று வீடுகளுக்குரியவை. முப்பது ஆண்டுகள் பொருளியல் கற்பித்து ஓய்வு பெற்றவன் நான். செல்வருக்கும் வறியவருக்கும் இடையேயுள்ள தூரத்தைக் காட்டுவதற்குக் கரும்பலகையில் எத்தனையோ வளைகோடுகளைக் கீறியிருக்கிறேன். ஆயினும் அவ்வளைகோடுகள் எவையும் எனக்கு உணர்த்தாத ஒன்றை இம்மூன்று துண்டுகளும் உணர்த்தின. அதனை வாசகர் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

மூன்று வீடுகள்

முதலாவது வீடு பூட்டிய வீடு. உரியவர் கடல் கடந்து வாழ்பவர். திறப்பு என்னிடம் இருக்கிறது. கட்டணத்தைச் செலுத்தும் பொறுப்பும் என்னுடையதே. கள்வருக்கு அஞ்சி இரவு முழுவதும் படலையில் ஒரு விளக்கு எரியும். தோட்டத்து மரங்களுக்கு வாரமொரு முறை கிணற்று மோட்டார் ஓடும். இவ்வளவே அங்கு மின்சாரத்துக்குள்ள வேலை. பங்குனி மாதத்திலே 24 அலகு சென்றிருந்தது. அலகொன்று 30 ரூபா, நிலையான கட்டணம் 400 ரூபா. ஆக 1,120 ரூபா.

இரண்டாவது வீடு இடியப்பம் அவித்து விற்கும் ஒரு பெண்மணியின் வீடு. அவர், அவருடைய வயோதிபத் தாயார், மூத்த மகள், மருமகன், பேரப்பிள்ளைகள் இருவர், பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த இளைய மகள் என ஏழு பேர் அவ்வீட்டிலே வாழ்கின்றனர். மருமகன் மேசன் வேலை செய்பவர். சீமெந்தின் விலை ஏறிக் கட்டட வேலைகள் நின்ற 2022ஆம் ஆண்டிலே வாடகை வீட்டை விட்டு மாமியார் வீட்டுக்கு வந்து சேர்ந்தவர். இரண்டு மின்விசிறி, ஐந்து குமிழ், ஒரு பழைய தொலைக்காட்சி, ஒரு சிறு மோட்டார்: இவையே அங்குள்ள சாதனங்கள். அம்மாதம் 66 அலகு சென்றிருந்தது. அறுபதைக் கடந்தமையால் முதல் அலகிலிருந்தே 42 ரூபா வீதம் கணக்கிடப்பட்டு, 650 ரூபா நிலையான கட்டணமும் சேர்ந்து 3,422 ரூபாவாயிற்று.

மூன்றாவது வீடு என் பழைய மாணவர் ஒருவருடையது, வியாபாரத்திலே முன்னேறியவர். நான் கேட்டதற்கிணங்கத் தம் பட்டியலைத் தந்தார். குளிரூட்டி, நீர்சூடாக்கி, குளிர்சாதனப் பெட்டி எல்லாம் அவ்வீட்டில் உண்டு. ஆயினும் அவர் அம்மாதம் ஒன்றும் செலுத்த வேண்டியதில்லை. மாறாக அவருக்குத்தான் பணம் வரவேண்டியிருந்தது. கூரையின் தென்புறம் முழுவதும் சூரிய மின்தகடுகளைப் பதித்திருக்கிறார். 2016ஆம் ஆண்டிலே ‘சூரிய பல சங்கிராமய’ என்னும் திட்டத்தை அரசாங்கம் ஆரம்பித்தபோது சேர்ந்துகொண்டவர். தேவைக்கு மிஞ்சிய மின்சாரத்துக்கு முதல் ஏழாண்டுகளுக்கு அலகொன்றுக்கு 22 ரூபா வீதமும் பின்னர் 15 ரூபா 50 சதம் வீதமும் கொடுப்பதென்பது அத்திட்டத்தின் ஏற்பாடு.

ஒருவருமில்லாத வீட்டுக்கு 30 ரூபா விலை. ஏழு பேர் வாழும் வீட்டுக்கு 42 ரூபா விலை. யாவும் நிறைந்த வீட்டுக்கு வரவு! ஏழு பேரும் சேர்ந்து செலவிட்ட 66 அலகைப் பங்கிட்டால் தலைக்கு ஒன்பதரை அலகு கூட வராது. ஆயினும் சட்டத்தின் கண்ணுக்கு அவர்கள் ‘கூடுதலாகச் செலவிடுவோர்’. பூட்டிய வீடோ ‘சிறு பாவனையாளர்’. மானி அலகுகளை எண்ணுகிறது, மனிதரை எண்ணுவதில்லை. ஏழைகள் நெருக்கமாக வாழ்பவர்கள் என்னும் எளிய உண்மை அக்கணக்கிலே இடம்பெறவில்லை.

விலை ஏறிய கதை

மின்சாரம் இந்நாட்டிலே நெடுங்காலம் பெரும்பாலும் மழையின் கொடையாக இருந்தது. மலைநாட்டு ஆறுகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாமென 1918ஆம் ஆண்டிலேயே எடுத்துரைத்தவர் பொறியியலாளர் விமலசுரேந்திர. அவருடைய கனவு 1950இல் லக்சபானவிலே நனவாயிற்று. காலப்போக்கில் தேவை பெருகியது, மழை பெருகவில்லை. எண்ணெயிலும், நுரைச்சோலையிலே எரியும் நிலக்கரியிலும் தங்கியிருக்கும் நிலை வந்தது. இவ்விரண்டும் டொலர் கொடுத்து வாங்கவேண்டியவை.

2022ஆம் ஆண்டிலே டொலர் இல்லாது போயிற்று. மார்ச் மாதத் தொடக்கத்தில் ஏறத்தாழ 200 ரூபாவாக இருந்த டொலரின் விலை மே மாதத்திலே 360 ரூபாவை எட்டியது. மார்ச் முடிவில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் மின்சாரம் நின்றது. ஏப்பிரில் 12ஆந் திகதி, வெளிநாட்டுக் கடன்களை இப்போது செலுத்த இயலாதென அரசாங்கம் அறிவித்தது. ஓகஸ்ட் மாதத்தில் மின்கட்டணம் சராசரியாக நூற்றுக்கு 75 வீதத்தாலும், 2023 பெப்ரவரியில் மேலும் 66 வீதத்தாலும் உயர்ந்தது. அடுத்த மாதமே சர்வதேச நாணய நிதியத்தின் கடனுதவிக்கு அங்கீகாரம் கிடைத்தது. மின்சாரத்தை அதன் உற்பத்திச் செலவுக்கேற்ற விலையிலே விற்கவேண்டுமென்பது அதனோடு பிணைந்த நிபந்தனைகளுள் ஒன்று.

‘சராசரி’ என்னும் சொல் பொருளியலாளருக்குப் பிரியமானது. ஆனால் அது பலவற்றை மறைத்துவிடும். வரி நீங்கலாகக் கணக்குப் பார்ப்போம். மாதம் 30 அலகு செலவிட்ட குடும்பம் 2022 ஓகஸ்டுக்கு முன் 105 ரூபா கொடுத்தது. ஓகஸ்டில் அது 360 ரூபாவாயிற்று. பெப்ரவரியில் 1,300 ரூபாவாயிற்று. ஏழு மாதங்களுக்குள் பன்னிரண்டு மடங்கு! மாதம் 200 அலகு செலவிட்ட குடும்பமோ முன்னர் ஏறத்தாழ 4,960 ரூபா கொடுத்தது. பின்னர் 11,780 ரூபா கொடுத்தது. இது இரண்டரை மடங்குக்கும் குறைவு. வசதியுள்ளவன் கூடிய தொகையைக் கொடுத்தான் என்பது மெய். ஆனால் வறியவனுக்கே சுமை பன்மடங்காகியது என்பதும் மெய்.

இதற்கு மறுமொழி உண்டு. பழைய விலை செலவுக்கு ஈடாகாத விலை. நட்டத்தை அரச வங்கிகளின் கடன் தாங்கியது. அக்கடனையும் ஈற்றிலே மக்களே தாங்கினர் என்பர். அதனை நான் மறுக்கவில்லை. விலைக்குறைப்பின் பயன் பூட்டிய வீட்டுக்கும் போய்ச் சேர்ந்ததென்பதற்கு என் இழுப்பறையே சாட்சி. ஆயினும் தவறான சலுகையைத் திருத்துவது வேறு. திருத்தத்தின் பாரத்தை அதனைத் தாங்கமாட்டாத தோளிலே முதலில் ஏற்றுவது வேறு.

இரவல் வெளிச்சம்

அப்பெண்மணி பங்குனிக்கும் சித்திரைக்குமுரிய கட்டணங்களைச் செலுத்தவில்லை. வைகாசி மாதத்திலே இருவர் வந்து இணைப்பைத் துண்டித்துச் சென்றனர். கடமையைச் செய்ய வந்த அவ்விருவரும் தலை குனிந்தபடியே சென்றதைப் படலையில் நின்று பார்த்தேன்.

2022ஆம் ஆண்டுக்குரிய க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை பிற்போடப்பட்டு, 2023 மே 29ஆந் திகதி ஆரம்பமாகவிருந்தது. இளைய மகள் அதற்குத் தோற்ற இருந்தாள். “பிள்ளையை இரவிலை இஞ்சை வந்திருந்து படிக்கச் சொல்லு தங்கச்சி” என்றேன். தாய் சிறிது நேரம் பேசாதிருந்தார். “ஒரு நாள் ரெண்டு நாளெண்டால் வரலாம் மாஸ்ரர். இரவல் வெளிச்சத்திலை எத்தினை நாளைக்குப் படிக்கிறது?” என்றார். வறுமைக்கும் ஒரு மானம் உண்டென்பதை மறந்து பேசிவிட்டேனே என்று நாணினேன்.

அன்றிரவு அவ்வீட்டிலே குப்பி விளக்கு எரிந்தது. அதற்கும் முன்போல வழியில்லை. 2022 ஓகஸ்டிலே ஒரு லீற்றர் மண்ணெண்ணெய் 87 ரூபாவிலிருந்து ஒரே இரவில் 340 ரூபாவுக்கு உயர்ந்திருந்தது. 2021 ஒக்டோபருக்கு முன் 1,493 ரூபாவுக்கு விற்ற பன்னிரண்டரைக் கிலோ எரிவாயுச் சிலிண்டர் 2022 ஏப்பிரிலில் 4,860 ரூபாவானபோதே அவர் விறகுக்குத் திரும்பியிருந்தார். பனம் மட்டையும் தென்னோலையும் பொறுக்கி இடியப்பம் அவித்தார். அடுப்புக்கு முன்னேறியவர் பின்னேறினார், விளக்குக்கும் அவ்வாறே. வசதியுள்ள வீடு விலையுயர்ந்த எரிபொருளை விட்டு வெயிலுக்கு ஏறும்போது, வசதியற்ற வீடு புகைக்கு இறங்குகிறது. விலையேற்றம் ஒன்றேயாயினும் அது திறந்துவிடும் வழிகள் இரண்டு.

நான்காம் நாள் மாலை பூட்டிய வீட்டின் படலை விளக்கின் கீழ், மதிலோரத்துக் கல்லிலே அப்பெண் புத்தகத்தோடு இருக்கக் கண்டேன். திறப்பு என் மடியில் இருந்தது. பிறர் வீட்டைத் திறப்பதற்கு எனக்கு உரிமையில்லை. ஒரு கணம் தயங்கினேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன், பின்னர் திறந்தேன். விறாந்தையிலே மேசையொன்றைப் போட்டுக் கொடுத்து, “இஞ்சை இருந்து படி, பிள்ளை” என்றேன். பதினோராம் நாள் தாயார் தம் காதுத் தோடுகளை அடகு வைத்து நிலுவையையும் மீளிணைப்புக் கட்டணத்தையும் செலுத்தினார். வீட்டுக்குரியவருக்கு நடந்ததைப் பின்னரே எழுதினேன். “ஏன் முன்னமே திறக்கவில்லை?” என்று மறுமொழி வந்தது. அக்கேள்விக்கு இன்றுவரை என்னிடம் விடையில்லை.

இது ஒரு வீட்டின் கதையன்று. 2023ஆம் ஆண்டிலே நாடு முழுவதும் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகள் துண்டிக்கப்பட்டனவெனப் பாராளுமன்றக் குழுவொன்றின் அறிக்கை கூறிற்று. உலக வங்கி தன் அளவுகோலின்படி கணித்த வறியோர் தொகை 2019இல் நூற்றுக்கு 11.3 ஆக இருந்தது, 2023இல் 25.9 ஆயிற்று.

அன்றைய இருளும் இன்றைய இருளும்

இருள் எமக்குப் புதிதன்று. 1990இல் மீண்டும் போர் மூண்டபின் யாழ்ப்பாணம் ஆண்டுக்கணக்காக மின்சாரமின்றி வாழ்ந்தது. மண்ணெண்ணெய்க்கும் தடை. ஜாம் போத்தலுக்குள் சிறிது பஞ்சை வைத்து, அதன்மேல் சில துளி எண்ணெய் ஊற்றி எரித்த சிக்கன விளக்கின் முன்னிருந்து அக்காலத்து மாணவர் படித்தனர். அவ்விருள் கொடியது, அதனைப் புகழ்வார் எவருமிலர். ஆனால் ஒழுங்கை முழுவதும் அதனைப் பங்கிட்டுக்கொண்டது. வைத்தியர் வீட்டுப் பிள்ளையும் கூலியாளின் பிள்ளையும் ஏறத்தாழ ஒரே விளக்கின் முன் இருந்தனர். ஆகையால் எவரும் நாணவில்லை.

2023இன் இருள் அத்தகையதன்று. அது ஒழுங்கையின் ஒரு வீட்டைத் தேடி வந்து நுழைந்தது. இரு பக்கமும் ஒளி இருக்க நடுவிலே ஒரு வீடு மாத்திரம் இருண்டது. அயலாருக்குத் தெரியாத வறுமை அவ்விருளால் அயலாருக்கெல்லாம் தெரிந்தது. போரின் இருளிலே நாம் அரசைக் குற்றஞ்சாட்டினோம்; இவ்விருளிலோ அந்தத் தாய் தம்மையே குற்றஞ்சாட்டிக்கொண்டார். ஏற்றத்தாழ்வின் மிகப் பெரிய கொடுமை இதுவென்றே கருதுகிறேன்.

செய்யத்தக்கது

கட்டணங்கள் பின்னர் இறங்கின என்பதையும் கூறவேண்டும். 2024இல் இரு தடவையும் 2025 ஜனவரியிலும் குறைக்கப்பட்டன. 2025 ஜூனிலே 15 வீதம் உயர்த்தப்பட்ட பின்பும் 30 அலகுக்கான கட்டணம் 215 ரூபாவளவிலேயே நின்றது. இது நல்ல செய்தி. எனினும் அலகை மாத்திரம் எண்ணும் முறை மாறவில்லை. அடுத்த நெருக்கடியில் அதே தோள்களே மீண்டும் சுமக்கும்.

ஆகவே மூன்று காரியங்களைச் சொல்ல விரும்புகிறேன். முதலாவது, சலுகை அலகுக்கன்றி மனிதருக்கு உரியதாதல் வேண்டும். 2023இல் தொடங்கிய ‘அஸ்வெசும’ உதவித் திட்டத்துக்காகக் குடும்பங்களின் விபரங்கள் திரட்டப்பட்டன. அப்பட்டியலில் விடுபட்டோர் பலர் முறையிட்டனர். அதைத் திருத்திக்கொண்டு, ஏழு பேர் வாழும் வீட்டுக்கு ஏழு பேருக்குரிய எல்லையை வகுக்கலாம். இரண்டாவது, ஒரே வளவில் இரண்டு மூன்று குடும்பங்கள் வாழுமிடத்து ஒவ்வொன்றுக்கும் தனி மானி எளிதாகக் கிடைக்கவேண்டும். மூன்றாவது, சூரிய மின்தகடு முதல் உள்ளவனின் கூரையோடு நின்றுவிடக் கூடாது. என் மாணவர் மீது எனக்குக் குறையில்லை. அவர் உண்டாக்குவது புகையில்லாத மின்சாரம். ஆனால் வசதியுள்ளோர் ஒவ்வொருவராகக் கட்டணத்திலிருந்து விடுபட, கம்பிகளையும் கம்பங்களையும் பராமரிக்கும் செலவு எஞ்சியோர் தலையிலேயே விழும். பாடசாலை, கூட்டுறவுச் சங்கம், சனசமூக நிலையம் ஆகியவற்றின் கூரைகள் வெயிலில் வெறுமனே கிடக்கின்றன. அவற்றின் மேல் விளையும் மின்சாரத்திலே சுற்றியுள்ள வறிய குடும்பங்களுக்குப் பங்கு கொடுக்கலாமன்றோ? வெயில் எல்லாருக்கும் பொது; கூரையையும் பொதுவாக்க நம்மால் இயலும்.

சென்ற வாரம் அப்பெண்மணி புதிய பட்டியலோடு வந்தார். இப்பொழுது மூத்த மகள் குடும்பத்தோடு வேறு வீட்டுக்குப் போய்விட்டாள். இளையவள் பரீட்சையிலே சித்தியடைந்து உயர்தரம் படித்து முடித்துவிட்டாள். பட்டியலை வாங்கிப் பார்த்து, “நல்லாக் குறைஞ்சிருக்குதே, தங்கச்சி” என்றேன்.

“ஓம் மாஸ்ரர், குறைஞ்சுதான் இருக்கு” என்றார். பிறகு வெறுங் காதைத் தடவியபடி சொன்னார்: “தோடுதான் மூழ்கிப் போச்சு.”