முதுகுக்குக் கவசம், மனத்துக்கு?



பன்னிரண்டு வயது மகள் பள்ளிச் சீருடையில் நிற்கும்போது ஒரு தோள் ஏறியும் ஒரு தோள் இறங்கியும் தெரிகிறதா? "ஒழுங்காக நிமிர்ந்து நில்" என்று அதட்டாதீர்கள். அவள் வேண்டுமென்று கோணி நிற்கவில்லை. முதுகெலும்பு பக்கவாட்டில் வளைவதை டாக்டர்கள் ஸ்கோலியோசிஸ் என்கிறார்கள். பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஏன் வருகிறது என்று மருத்துவத்துக்கே இன்னும் தெளிவாகத் தெரியாது. புத்தகப் பையின் கனத்தாலோ, தாய் கிரகணத்தில் வெளியே வந்ததாலோ வந்ததன்று. யார்மீதும் பழி வேண்டாம்.

வளைவு ஏறக்குறைய 25 முதல் 40 பாகைக்குள் இருந்து, பிள்ளையும் வளரும் பருவத்தில் இருந்தால், பிரேஸ் அணியச் சொல்வார்கள். அக்குளுக்குக் கீழிருந்து இடுப்பு வரை இறுகப் பிடிக்கும் பிளாஸ்டிக் கவசம் அது. வளைவு மேலும் கூடாமல் தடுப்பதே அதன் முக்கிய வேலை. வளர்ச்சி முடியும்வரை, பெரும்பாலும் நாளுக்கு 16 முதல் 23 மணி நேரம் அணிய வேண்டியிருக்கும்.

2013-இல் வெளியான அமெரிக்க, கனடிய ஆய்வு ஒன்றில், கவசத்துக்குள் உடல் சூட்டை அறியும் சிறு கருவி வைத்து, அணிந்த நேரத்தைக் கணக்கெடுத்தார்கள். தினமும் சுமார் 13 மணிக்கு மேல் அணிந்தவர்களில் நூற்றுக்கு 90 பேருக்கு வளைவு அறுவைச் சிகிச்சை அளவை எட்டவில்லை. 6 மணிக்கும் குறைவாக அணிந்தவர்களுக்கு அந்தப் பலன் கிட்டவில்லை. கட்டிலுக்கடியில் கிடக்கும் கவசம் முதுகைக் காக்காது. அதை மாட்டிக்கொள்ள மனம் வேண்டும்.

அந்த மனம் எங்கே உடைகிறது? பள்ளி பஸ்ஸில் "கூனி" என்று ஒருவன் கத்தும்போது உடைகிறது. கல்யாண வீட்டில் "ஐயோ, இவளை யார் கட்டிக்கொள்வான்?" என்று அத்தை உச்சுக்கொட்டும்போது இன்னும் ஆழமாக உடைகிறது, அந்தச் சொல் அன்பின் குரலில் அல்லவா வருகிறது! அத்தையிடம் நீங்களே சொல்லுங்கள்: பிரேஸ் சில ஆண்டுகளுக்குத்தான். இத்தகைய வளைவுள்ள பெண்கள் படிக்கிறார்கள், மணம் முடிக்கிறார்கள், பிள்ளை பெறுகிறார்கள். உலகின் வேகமான ஓட்டக்காரர் உசேன் போல்ட்டுக்கும் முதுகு வளைவு உண்டு.

முதல் வாரங்களில் அவள் அழுவாள், கோபப்படுவாள். அழ விடுங்கள். டாக்டர் சொன்னபடி நேரத்தைச் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். நாட்காட்டியில் மணிக்கணக்கை அவளே குறிக்கட்டும். எந்தத் தோழியிடம் முதலில் சொல்வது என்பதையும் அவளே முடிவு செய்யட்டும். கேட்பவர்களுக்கு ஒரு வரி பதில் போதும்: "என் முதுகு மேலும் வளையாமல் இருக்க இதைப் போட்டிருக்கிறேன்." வகுப்பாசிரியரிடம் முன்கூட்டியே சொல்லிவையுங்கள், உடற்பயிற்சி நேரத்தில் அவள் எல்லார் முன்னும் விளக்கம் சொல்ல நேராது.

நம் ஊர் வெயிலுக்குள்ளே தையல் மடிப்பில்லாத பருத்திப் பனியன் வேண்டும், வியர்த்தால் மாற்றுங்கள். பாஜு கூரோங் கவசத்தை நன்றாக மறைக்கும். வயிறு இறுகுவதால் கொஞ்சம் கொஞ்சமாகச் சாப்பிடட்டும். தோல் புண்ணானால் உடனே மருத்துவமனைக்குத் தெரிவியுங்கள்.

குளித்து வந்தபின் முதுகுப் பக்கத்து வாரை இறுக்க அவளுக்கு ஒரு கை தேவை. அந்த நேரத்தில் பெருமூச்சு விடாதீர்கள். அன்று பள்ளியில் என்ன நடந்தது என்று கேளுங்கள்.