வான்காவுக்குக் கைகொடுத்த மரச்சட்டம்

பக்கத்தில் இருப்பது பெரிது, தூரத்தில் இருப்பது சிறிது. தெரிந்ததுதான். ஆனால், பென்சிலை எடுத்தால் தெரு மேட்டில் ஏறும், வீடு சாயும்! ஓவியர் வான்காவுக்கும் இதே பாடுதான்.

ஓவியக் கடை, வாத்தியார் வேலை, புத்தகக் கடை, மதப் பிரசாரம்... எதுவும் ஒட்டாமல், 27 வயதில் வரைய வந்தவர் அவர். சாப்பாடே தம்பி தியோ அனுப்பும் பணத்தில்தான். பெர்ஸ்பெக்டிவைப் புத்தகம் பார்த்துத் தானாகவே கற்றார்.

1882-ல், நெதர்லாந்தின் ஹேக் நகரில் இருந்தபோது ஒரு மரச்சட்டம் செய்துகொண்டார். நெடுக்கே, குறுக்கே, மூலைக்கு மூலை இழைகள். இரும்பு முனை வைத்த இரண்டு கால்கள். கடற்கரை மணலிலும் ஊன்றலாம், உயரத்தை மாற்றலாம். ஜன்னல் வழியே பார்ப்பதுபோல அதன் வழியே பார்ப்பார். கூரை எந்த இழையைத் தொடுகிறது, பாதை எவ்வளவு சாய்கிறது என்று கவனித்து, தாளில் போட்டுவைத்த அதே கோடுகளின் மேல் இறக்குவார். இதில் அவருக்குக் கூச்சமே இல்லை. சட்டத்தைப் படமாகவே வரைந்து தம்பிக்குக் கடிதம் போட்டார்!

1888-ல் பிரான்ஸின் ஆர்ல் நகரில் அவர் தீட்டிய ‘படுக்கையறை’ ஓவியத்தில் பின்சுவர் கோணலாகத் தெரிகிறதே, தப்பா? இல்லை. அந்த அறையின் மூலையே கோணல்தான்.