மினிவேனின் காற்றுத்தடையும் எஞ்சின் குளிர்விப்பும்

காற்றுத்தடை என்பது ஓடும் வாகனத்தைக் காற்று எதிர்த்துத் தள்ளும் விசை ஆகும். இது வேகத்தின் இருமடிக்கு ஏற்பக் கூடுகிறது. அதை வெல்லத் தேவையான திறன் மும்மடிக்கு ஏற்பக் கூடுகிறது. மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் ஓடும் வேன் 100 கி.மீ. வேகத்தை எட்டினால், காற்றை வெல்ல ஏறத்தாழ இரு மடங்கு திறன் வேண்டும். கோவை–சேலம் நெடுஞ்சாலையில் இந்த இழப்பு பெரிது. பாலக்காட்டுக் கணவாய் வழியே தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில், மேற்கு நோக்கிச் செல்லும் வேனுக்குத் தடை மேலும் கூடும்.

ரேடியேட்டருக்குள் புகும் காற்றும் தடையை உண்டாக்குவதால், சிலர் முன்பக்க கிரில்லை அடைப்பதுண்டு. சமவெளியில் பயன் தரும் இம்முறை மலையில் ஆபத்தானது. மேட்டுப்பாளையத்திலிருந்து உதகை செல்லும் வேன் ஏறத்தாழ 1,900 மீட்டர் உயரம் ஏறுகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் வேகம் குறைவு. எஞ்சினின் சுமையோ அதிகம். அங்கே காற்றுத்தடை பொருட்டன்று. கிரில் அடைபட்டிருந்தால் மின்விசிறியும் போதாமல் தண்ணீர் கொதித்து, சிலிண்டர் ஹெட் கேஸ்கெட் பழுதாகலாம்.

ஆகவே கிரில்லைத் திறந்தே வைத்து, பயன்படாத கூரை கேரியரைக் கழற்றுவது பாதுகாப்பானது. ரேடியேட்டரின் ஓரங்களில் உள்ள இடைவெளிகளை ரப்பரால் அடைத்தால், உள்ளே வரும் காற்று வீணாகாமல் அதன் வழியே செல்லும், குளிர்விப்பும் மேம்படும். நெடுஞ்சாலையில் வேகத்தைக் குறைப்பதே செலவில்லாத வழி.